வெள்ளம் கொண்டு வரச் சொன்ன டீச்சர்

நாங்கள் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருடம், ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு நாளில், அறிவியல் டீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பெரம்பலூர் டவுனில் இருந்த பெண்கள் பள்ளி அது. டீச்சருக்குச் சொந்த ஊர் கன்னியாகுமரிப் பக்கம், கடலோரம். அதுதான் அவருக்கு முதல் வேலை. எங்களுக்கும் அவருக்கும் பத்துப் பன்னிரண்டு வயதுதான் வித்தியாசம் இருந்திருக்கும். அன்று அது தெரியவில்லை. டீச்சர் என்றால் பெரியவர், அவ்வளவுதான்.

முதல் வகுப்பிலேயே பேசிப் பேசி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கதவோரம், கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியைப் பார்த்து, “மக்களே, கொஞ்சம் வெள்ளம் கொண்டு வா” என்றார்.

அவள் எழுந்து நின்றாள். வகுப்பிலேயே உயரமானவள் அவள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நிஜமாகவே சந்தேகம் கேட்கிற குரலில், “வெள்ளத்த எப்படி டீச்சர் கொண்டு வர்றது?” என்றாள்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. டீச்சரின் முகம் ஒரு கணம் சுருங்கிப் போனதை நான் பார்த்தேன். பிறகு அவரும் சிரித்துவிட்டார். “உங்க ஊருல தண்ணியா? செரி, தண்ணி கொண்டு வா” என்றார். எங்கள் ஊரில் வெள்ளம் என்று ஒன்று வந்து யாரும் பார்த்ததில்லை. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர் அது. அன்றிலிருந்து ஒரு வருடத்துக்கு, யார் தண்ணீர் கேட்டாலும் வகுப்பில் வெள்ளம் என்றுதான் கேட்டோம்.

எனக்கும் என் தோழிக்கும் ஒரே பெயர். அதனால் பெயரை விட்டுவிட்டு ஊரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் சிறுவாச்சூர். அவள் ரஞ்சன்குடி. நான் தெற்கே இருந்து வரும் பஸ்ஸில் வருவேன், அவள் வடக்கே இருந்து வருவாள். அவள் அப்பா லாரி ஓட்டினார். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலிருந்து கல் ஏற்றிப் போகிற லாரி. அதனால் அவள் கொண்டுவரும் செய்திகளில் எப்போதும் தூரத்து ஊர்கள் இருக்கும். நான் அதிகம் பேசமாட்டேன். அவள் பேசிக்கொண்டே இருப்பாள். எங்களுக்குள் அது சரியாக இருந்தது.

சாயங்கால மணி அடித்ததும் மற்ற டீச்சர்கள் எல்லாம் பஸ் பிடிக்க ஓடுவார்கள். அறிவியல் டீச்சர் மட்டும் வகுப்பறை ஜன்னலோரம் நிற்பார். பள்ளிக்குப் பின்தெருவில் ஓர் அறையைத் தலைமையாசிரியை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்திருந்தார். ஒரு ஸ்டவ், ஒரு பாய், ஒரு பெட்டி. ஒரு நாள் என் தோழி அவரிடம் நேராகவே கேட்டுவிட்டாள், “நீங்க வூட்டுக்குப் போவலிங்களா டீச்சர்?”

“அங்க போயி ஆருட்ட பேச மக்களே?” என்றார் டீச்சர்.

அதற்குப் பிறகு எங்கள் பஸ் வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் அவரோடு உட்கார்ந்திருப்பது வழக்கமாகிவிட்டது. பாடம் ஒன்றும் நடக்காது. அவர் ஊரைப் பற்றிச் சொல்வார். அவருடைய அப்பா கடலுக்குப் போகிறவர். விடிகாலையில் கரைக்கு வரும் மரங்களை அடையாளம் சொல்லும் போட்டி அவருக்கும் அவர் தங்கைக்கும் நடக்கும். மரம் என்றால் கட்டுமரம் என்பதே எங்களுக்கு அவர் விளக்கிச் சொன்ன பிறகுதான் புரிந்தது. எங்கள் ஊருக்கு வண்டியில் ஐஸ் போட்டு வரும் மீனை ஒருமுறை வாங்கிக் குழம்பு வைத்துவிட்டு, சாப்பிட முடியாமல் கொட்டிவிட்டதாகச் சொன்னார். சொல்லும்போது சிரித்தார். ஆனால் அழுதிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. கடலை நாங்கள் இரண்டு பேருமே பார்த்ததில்லை. அதனால் கேட்டதையெல்லாம் அப்படியே நம்பினோம்.

ஒரு திங்கட்கிழமை என் தோழி பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து டீச்சர் மேசையில் வைத்தாள். உள்ளங்கை அகலம், நத்தை போலச் சுருண்டிருந்தது. அவள் அப்பா லோடு ஏற்றும் இடத்தில் கிடந்ததாம். வீட்டில் தம்பி அதை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான், பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

டீச்சர் அதைக் கையில் எடுத்தார். விரலால் அந்தச் சுருளைத் தடவிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, “இது கடல்ல கெடந்ததாக்கும்” என்றார். “இந்த இடமெல்லாம் ஒரு காலத்துல கடலு. புத்தகத்துல படிச்சிருக்கேன். இவ்வளவு பக்கத்துலயா கெடக்கு?”

அடுத்த வாரமே அங்கே போகவேண்டும் என்று நின்றார். தலைமையாசிரியை முதலில் சம்மதிக்கவில்லை. பொம்பளைப் பிள்ளைகளைச் சுரங்கப் பக்கமெல்லாம் கூட்டிப்போவதா என்றார். சுரங்கத்துக்குள் இல்லை, வெளியே ஓடை வரைக்கும்தான், என் தோழியின் அப்பா வந்து இடம் காட்டுவார் என்று டீச்சர் எப்படியோ பேசிச் சரிக்கட்டினார். ஒரு சனிக்கிழமை காலை, விருப்பப்பட்ட பிள்ளைகள் எல்லாம் எலுமிச்சை சாதத்தைக் கட்டிக்கொண்டு அரியலூர் பஸ்ஸில் ஏறினோம்.

தோழியின் அப்பா பஸ் நிறுத்தத்தில் காத்துக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை, தோளில் துண்டு. டீச்சரைப் பார்த்ததும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். வெள்ளை மண் பாதையில் எங்களை நடத்திக்கொண்டு போய் ஒரு காய்ந்த ஓடையில் இறக்கிவிட்டார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. கரையெல்லாம் சிப்பி. கல்லாகிப் போன சிப்பி. ஓடைச் சுவரில் அடுக்கடுக்காகப் பதிந்திருந்தது.

டீச்சர் செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்தார். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தக் காய்ந்த மணலில் மெதுவாக நடந்தார். நாங்கள் பொறுக்கியதையெல்லாம் கொண்டுபோய்க் காட்டினோம். ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்து, இது எங்கள் ஊரில் இன்றும் கிடைக்கும், இது இப்போது உலகத்திலேயே இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார். வெயில் ஏறி எங்களுக்கு மண்டை காய்ந்தது. அவர் கிளம்புவதாக இல்லை.

சாப்பிடும்போது சொன்னார். வேலை உத்தரவு வந்த அன்று அவர் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம், அந்த ஊரில் கடல் உண்டா என்று. இல்லை என்று சொன்னதும் எழுந்து வெளியே போய்விட்டாராம்.

“இன்னைக்கு போன் பண்ணி, உண்டு அப்பான்னு சொல்லணும்” என்றார் டீச்சர்.

தோழியின் அப்பா கொஞ்சம் தள்ளி, வேலிக்காத்தான் நிழலில் குத்துக்காலிட்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். தினமும் தான் லாரியில் ஏற்றுவது கடலின் அடி என்பது அவருக்கும் அன்றுதான் தெரியும். திரும்பும்போது அதை மகளிடம் இரண்டு மூன்று முறை சொன்னதாக அவள் பிறகு என்னிடம் சொன்னாள்.

பத்தாம் வகுப்பில், அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்த நாள் அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் ஊரிலிருந்து வரும் இன்னொரு பெண்தான் சொன்னாள். சுரங்கப் பாதையில் அவள் அப்பாவின் லாரி சரிந்து பள்ளத்தில் விழுந்துவிட்டது. உயிர் தப்பிவிட்டார். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்து, திருச்சி பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். அம்மா தம்பியைப் பார்த்துக்கொண்டு காட்டு வேலைக்கும் போக வேண்டும். அதனால் அப்பாவோடு இவள் இருக்கிறாள். இனிமேல் பள்ளிக்கு வரமாட்டாள் என்று அந்தப் பெண் சாதாரணமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் திருச்சிக்குப் போகிறேன், நீயும் வருகிறாயா என்று என்னிடம் கேட்டார். டீச்சரோடு என்றதும் வீட்டில் மறுப்பு சொல்லவில்லை. சிறுவாச்சூர் நிறுத்தத்தில் நான் ஏறிக்கொண்டேன். அவர் எனக்கு ஜன்னலோர இடம் பிடித்து வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்ததும் எனக்கு அடையாளமே தெரியவில்லை. தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் தூக்குவாளியோடு, பெரிய பொம்பளை மாதிரி நர்ஸிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். டீச்சர் நேராக அவள் அப்பாவின் கட்டிலருகே போய், “அண்ணே, இவ பரீட்சை எழுதணும். நான் இங்க வந்தே சொல்லிக் குடுக்கேன். நீங்க செரின்னு மட்டும் சொல்லுங்க” என்றார்.

அவர் படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். “அவ படிக்கட்டுங்க டீச்சர். என்னய ஆராச்சும் பாத்துக்குவாங்க” என்றார்.

பங்குனி வரை எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போனோம். வார்டுக்கு வெளியே வராந்தாவில், தூணுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்துக்கொண்டு உட்காருவோம். மருந்து வாடை, மலைக்கோட்டைப் பக்கமிருந்து வரும் வண்டிச் சத்தம், யாராவது அழும் குரல். இதற்கு நடுவில் டீச்சர் ரத்த ஓட்டப் பாடம் நடத்தினார். ஒரு வாரம் கணக்கு, ஒரு வாரம் வரலாறு. மற்ற டீச்சர்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு வந்து நடத்தினார். நோயாளிகளுக்குத் துணைக்கு வந்தவர்களும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். இதயத்தில் நான்கு அறை என்று அவர் சொன்ன அன்று, லால்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், தன் மகனுக்கு எந்த அறையில் கோளாறு என்று கேட்டார். டீச்சர் அவரை உள்ளே கூட்டிப்போய் டாக்டரிடம் விசாரித்துச் சொன்னார். அவர் திரும்பி வரும்வரை நாங்கள் காத்திருந்தோம்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குத் தூக்கம் சொக்கும். டீச்சர் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொள்வார். என் அம்மா கூட என்னை அப்படிச் சாய்த்துக்கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகள் தீரக்கூடாது என்று நான் ஆசைப்பட்டேன். தோழியின் அப்பா படுக்கையில் கிடக்கும்போது அப்படி ஆசைப்படுவது சரியா என்றெல்லாம் பதினைந்து வயதில் யோசிக்கத் தெரியவில்லை.

அவள் பரீட்சை எழுதினாள். அறிவியலில் எங்கள் வகுப்பிலேயே அவள்தான் முதல். ஆனால் காலை ஊன்ற முடியாத அப்பாவை வைத்துக்கொண்டு ரஞ்சன்குடியில் காலம் தள்ள முடியாது என்று குடும்பம் முடிவு செய்துவிட்டது. அம்மாவின் ஊர் ஆண்டிமடம். அங்கே தாய்மாமன்களுக்கு முந்திரித் தோப்பு உண்டு. பள்ளி திறந்த வாரம் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். அன்றைக்குத்தான் டீச்சரும் தன் ஊருக்கே மாற்றல் கிடைத்துவிட்டதாகச் சொன்னார். சொல்லும்போது அவரால் சந்தோஷத்தை மறைக்கவும் முடியவில்லை, எங்களைப் பார்க்கவும் முடியவில்லை.

மூவரும் பள்ளி வாசல் கடையில் சர்பத் குடித்தோம். “நல்லாப் படிடி” என்றாள் அவள். “வாருங்க எங்க ஊருக்கு” என்றார் டீச்சர். முகவரி கேட்கவேண்டும் என்று மூவருக்குமே தோன்றவில்லை.

பதினொன்றாம் வகுப்பில் அந்தக் கடைசி பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்தேன். புதிதாக வந்த அறிவியல் சார் நன்றாகவே நடத்தினார். இருந்தாலும், மணி அடித்த பிறகு எனக்கு எங்கே போவது என்று தெரியாது. பஸ் வரும்வரை ஜன்னலோரம் நிற்பேன். வகுப்பில் எத்தனையோ நல்ல பிள்ளைகள் இருந்தார்கள், எல்லோரோடும் சிரித்தேன், பேசினேன். ஆனால் யாருடைய தோளிலும் தலை சாய்க்கத் தோன்றவில்லை.

பிறகு ரத்தப் பரிசோதனைப் படிப்பு படித்தேன். திருச்சியில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. கல்யாணம், பையன், வாடகை வீடு, சொந்த வீடு என்று வருடங்கள் போயின. பெரம்பலூர் வழியாகப் போகும்போதெல்லாம் பஸ் நிலையத்தில் உயரமான பெண்ணைக் கண்டால் எட்டிப் பார்ப்பேன். கன்னியாகுமரிப் பேச்சு காதில் விழுந்தால், ரத்தம் எடுக்க வந்தவர்களைக்கூட எந்த ஊர் என்று விசாரிப்பேன். என் கணவர் இதைக் கிண்டல் செய்வார்.

இரண்டு வருடத்துக்கு முன் வகுப்புத் தோழிகள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். தினமும் காலை வணக்கமும் பூப்படமுமாக வந்து குவியும். அதில் ஒருத்தி போன மாசியில் எழுதினாள், ஆண்டிமடத்தில் ரஞ்சன்குடியைப் பார்த்தேன், முந்திரி உடைக்கும் கொட்டகை வைத்திருக்கிறாள் என்று. கீழே அவள் எண்.

அடுத்த சனிக்கிழமையே போனேன். தகரக் கொட்டகை. உள்ளே பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வறுத்த முந்திரி ஓட்டின் புகை கண்ணைக் கரித்தது. நடுவில் நின்று போனில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். தடித்திருந்தாள், காதோரம் நரைத்திருந்தது. முந்திரி எண்ணெயில் விரல்களெல்லாம் கறுத்துப் போயிருந்தன. போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே, “ஏ சிறுவாச்சூர்” என்றாள்.

அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட இத்தனை வருடம் யாருமே இல்லை.

வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அப்பா பத்து வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். கடைசிவரை கோல் ஊன்றி நடந்தார் என்றாள். தாய்மாமன் மகனைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனுஷன், பேச்சுத்தான் குறைச்சல் என்றாள். அப்பாவின் கால் மட்டும் முறியாமல் இருந்திருந்தால் என்று நான் ஆரம்பித்தேன். அவள் கையை அசைத்து நிறுத்திவிட்டாள். “அத நெனச்சா கொட்ட ஒடயுமா? வுடு” என்றாள்.

நான் இத்தனை வருடம் பொத்தி வைத்திருந்ததையெல்லாம் அவளிடம் கொட்டினேன். வெள்ளம் என்று டீச்சர் கேட்டது அவளுக்கு நினைவில் இல்லை. அப்படியா கேட்டார் என்று புதிதாகச் சிரித்தாள். ஓடைக்குப் போனது லேசாக நினைவிருந்தது. அவளுக்கு நினைவிருந்தது வேறு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அவள் தலையில் வைத்துக்கொள்ள நான் ஒரு முழம் பூ வாங்கிப் போனேனாம். “அந்த நாத்தத்துல, வாரம் பூரா அந்தக் காஞ்ச பூவ மோந்துக்கிட்டுக் கெடப்பேன்டி” என்றாள். எனக்கு அது சுத்தமாக நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

டீச்சரின் எண்ணைத் தேடித் தந்தது அவள் மகள்தான். நாகர்கோவிலில் தன் கல்லூரித் தோழி ஒருத்தி மூலமாக, இரண்டு மூன்று பேரைக் கேட்டு, நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் வாங்கிவிட்டாள். நான் முப்பது வருடத்துக்கு மேல் தேடியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் எங்குமே தேடவில்லை, ஏங்கிக்கொண்டு மட்டும்தான் இருந்திருக்கிறேன் என்று அப்போது உறைத்தது.

ஸ்பீக்கரில் போட்டோம். வயதான குரல், ஆனால் அதே குரல். தோழி தன் பெயரையும் ஊரையும் சொன்னதும், “அப்பாக்க கால் எப்படி இருக்கு மக்களே?” என்றார் டீச்சர். முதல் கேள்வியே அதுதான். அவள் சொன்னாள். தன் அப்பாவும் இப்போது இல்லை என்றார் டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், முட்டி வலிக்கிறது, பேரப்பிள்ளை உண்டு.

பிறகு நான் பேசினேன். என் பெயரைச் சொன்னேன். “அது அவளுக்க பேரில்லியா?” என்றார். எனக்கும் அதே பெயர்தான் டீச்சர், சிறுவாச்சூர், ஞாயிற்றுக்கிழமை உங்களோடு பஸ்ஸில் வருவேனே என்றேன். அவர் யோசித்தார். “ஒரு ஒல்லிப் பிள்ள கூட வருமே, பேசாம இருக்குமே, அதா?”

“ஆமாங்க டீச்சர். அதுதான்” என்றேன்.

“நல்லா இருக்கியா மக்களே?” என்றார். நல்லா இருக்கேன் என்று சொன்னேன். போனை அவள் வாங்கிக்கொண்டாள்.

பேசி முடித்த பிறகு அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவங்களுக்கு எத்தன பிள்ளைங்க, எத்தன பள்ளிக்கூடம். கஷ்டத்துல கெடந்தவதான் ஞாபகத்துல நிப்பா. நீ நல்லா இருந்தடி, அதான்” என்றாள். நான் தலையாட்டினேன். அவள் சொன்னது நியாயம்தான்.

வியாபாரி வந்துவிட்டதாகக் கொட்டகையிலிருந்து ஆள் வந்தது. அவள் கிளம்ப வேண்டியிருந்தது. இரண்டு நாள் தங்கிப் போகிற மாதிரி அடுத்த முறை வா என்றாள். அவள் மகள் என்னை வண்டியில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டாள்.

ஜெயங்கொண்டம் தாண்டியதும் ஒரு நிறுத்தத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்கள். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வருகிறார்கள் போலிருந்தது. உட்கார இடமில்லை. இரண்டு பெண்கள் என் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். “ஆன்ட்டி, பேக்க வச்சுக்கிறீங்களா?” என்று ஒருத்தி கேட்டாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். மற்றவளும் தன் பையை அதன் மேலேயே வைத்தாள். இரண்டும் நல்ல கனம். அவர்கள் யாரோ ஒரு மிஸ்ஸைப் பற்றி, அவர் உடுத்தி வந்த சேலையைப் பற்றிப் பேசிப் பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஒருத்தி சொல்லி முடிப்பதற்குள் மற்றவளுக்குப் புரிந்துவிடுகிறது. என்னை அவர்கள் பார்க்கவேயில்லை. அரியலூர் வருவதற்கு முன்னாலேயே அவர்களுடைய ஊர் வந்துவிட்டது. தேங்க்ஸ் ஆன்ட்டி என்று பைகளை இழுத்துக்கொண்டு இறங்கி, பேச்சை விடாமல் ஒரு மண் பாதையில் நடந்து போனார்கள். பஸ் எடுத்த பிறகும் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், மடியில் வைத்தபடியே திருச்சி வரை வந்தேன்.